ஜெபமணியின் இடக்கை

ஆகஸ்ட் 3

முதலில் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தொரு வயதில், மேலே பாதி வழுக்கையும் கீழே முழுத் தொந்தியுமாக இருக்கிற நான், தினமும் காலையில் கக்கூஸுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வீடியோ கேம் ஆடுகிறேன்.

கருவி என்னுடையதுகூட இல்லை, என் மகன் பாலமுருகனுடையது. துபாயிலிருந்து அவன் தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தான். நடுவில் கண்ணாடித் திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள், கையில் பிடித்தால் எவர்சில்வர் தட்டைப் பிடித்த மாதிரி கனம். பையன் கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனபோது, "இத கொண்டுபோனா படிப்பு நாசமாப் போகும்" என்று அரைமணி நேரம் உபதேசம் செய்து பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோ சாவி என் இடுப்பில்.

கக்கூஸில் இவ்வளவு நேரம் ஆவதைப் பார்த்து எனக்கு வயிற்றுக் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டாள் என் மனைவி உலகம்மாள். தினமும் ஒரு டம்ளர் ஓமத்தண்ணி. குடிக்கிறேன். செய்த பாவத்துக்கு அது கம்மி.

ஆகஸ்ட் 5

ஜெபமணி வீட்டுக்குப் போனேன். எங்கள் சுரபேரிகை இன்னிசைக் குழுவில் அவர் கீபோர்டு, நான் மைக் பிடித்து அறிவிக்கிறவன், நடுநடுவே பல்குரல். இருபத்துச் சொச்சம் வருஷமாக ஒரே வேனில் அக்கம்பக்கத்து சீட். மே மாசம் முருகன்குறிச்சி பக்கம் பைக்கோடு விழுந்ததில் அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இப்போது மாவுக்கட்டு பிரித்தாயிற்று.

"எப்படிவே இருக்கு?"

"மூணு விரலு வேலைக்கு வந்துட்டு. ரெண்டு இன்னும் லீவுல இருக்கு."

மோதிர விரலும் சுண்டு விரலும். மடக்கச் சொன்னால் கொஞ்சம் யோசித்து, பிறகு மாட்டேன் என்கின்றன. எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. ஜெபமணியின் இடக்கைதான் பேஸ். அது இல்லாவிட்டால் பாட்டு, கால் இல்லாத கட்டில் மாதிரி இருக்கும்.

குழுவின் முதலாளியும் பாடகருமான கோமதிநாயகம் அண்ணாச்சியும் வந்திருந்தார். ஆரஞ்சுப் பழம் கொடுத்து, நலம் விசாரித்து, செருப்பைப் போடும்போது விஷயத்தைச் சொன்னார். "இருவத்தெட்டாந் தேதி சங்கரன்கோயில்ல ரிசப்ஷன். அன்னைக்கு ஜெபமணி முன்ன மாதிரி வாசிச்சா சந்தோஷம். இல்லேன்னா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. மதுரைக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான். லேப்டாப்புல எல்லாத்தையும் வச்சிருக்கான். ஒத்தை ஆளே ஆறு பேரு வேலை பாப்பான்."

"அதுக்குள்ள பல்குரலும் இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதுவும் இருக்குன்னுதான் சொல்லுதான்."

நான் சிரித்தேன். சிரிக்கிறதும் சிரிக்க வைக்கிறதும்தானே என் தொழில்.

ஆகஸ்ட் 7

யோசனை உதித்த இடத்தை எழுதக் கை கூசுகிறது. அதே இடம்தான்.

ஆடிக்கொண்டே பார்த்தேன். என் கட்டைவிரல்கள் என் வாயைவிட வேகமாகப் போகின்றன. இடம், வலம், மேல், கீழ், கருவியின் தோள்பட்டையில் நாலு பட்டன், முதுகில் நாலு. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சத்தத்தைக் கட்டிவிட்டால்? ஜெபமணியின் இடக்கை எழுப்புகிற சத்தங்களை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டு, மேடையில் அவர் வலக்கையால் வாசிக்க, நான் பின்னால் உட்கார்ந்து பட்டனால் இடக்கையை வாசித்தால்? அவர் இடக்கையைச் சும்மா கீபோர்டின் மேல் ஆட்டிக்கொண்டிருந்தால் போதும்.

ஜெபமணியிடம் சொன்னேன். 

"ஏன்வே, இந்த வயசுல உமக்கு இது எங்கேருந்து கிடைச்சுது?"

"பையனது."

"எந்நேரம் ஆடுவீரு?"

சொன்னேன். கட்டுப் பிரித்த பிறகு மனுஷன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆகஸ்ட் 9

இந்தக் கருவிக்குள் விளையாட்டுக்குப் பின்னால் ஒரு முழுக் கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறது. அதில் சாம்ப்ளர் என்கிற மென்பொருளைப் போடவேண்டும். பட்டனை அழுத்தினால், நாம் பதிந்து வைத்த சத்தத்தை எழுப்புவது அதுதான். கேட்கச் சுலபம். போடப் போனால், இது படிக்க மட்டும், எழுத அனுமதி இல்லை என்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். தாலுகா ஆபீஸில் வேலைக்குப் போகவேண்டிய கருவி.

பாலமுருகனைக் கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் சொல்லுவான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

ஆகஸ்ட் 10

வெற்றி. இந்தக் கருவிக்காரர்கள் கூடிப் பேசுகிற இணையத் தளத்தில் வேறு பெயரில் நுழைந்து கேட்டேன். வயதை இருபத்திரண்டு என்று போட்டேன். எந்த ஊர்க்காரனோ, நீளமாக ஒரு பதில் எழுதியிருந்தான். கருவியின் பூட்டைத் திறக்கிற கட்டளை முதல் பத்தியிலேயே இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன், பூட்டு திறந்தது, சாம்ப்ளர் உள்ளே போய் உட்கார்ந்தது. பதிலில் கீழே இன்னும் நாலு பத்தி இருந்தது. காரியம் முடிந்தபின் எதற்குப் படிக்க? நன்றி என்று போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உலகம்மாள் ஓமத்தோடு பெருங்காயமும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 13

சத்தங்களைப் பதிய ஜெபமணி வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டி நெடுநேரம் கழித்துத்தான் திறந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கீபோர்டின் மேல் எப்போதும் கிடக்கிற துணி, மடித்து நாற்காலியில் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர், ஒளித்து அல்வா தின்றிருப்பார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இடக்கை வாசிக்கவேண்டிய ஒவ்வொரு சத்தத்தையும் வலக்கையால், ஒவ்வொன்றாக, வாசித்துக் கொடுத்தார். நான் பதிந்தேன். எப்போதும் பேசிக்கொண்டே வாசிக்கிறவர், இன்றைக்குப் பேசவே இல்லை. முடிந்ததும் இடது கையை மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டுக்கொண்டார்.

"பேச்சிமுத்து, நல்லா கேளும். அண்ணாச்சிக்கு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரு கதையும் அன்னைக்கோட சரி."

"தெரியாதுவே."

"மதுரைக்காரன் வந்துட்டான்னா நான் வீட்டுல இருந்து என்ன செய்யணும்? சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அதற்கு ஒரு நகைச்சுவை சொல்லியிருக்கலாம். பதிந்ததை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டேன்.

ஆகஸ்ட் 16

உலகம்மாள் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17

நேற்று எழுதத் தெம்பில்லை. நான் உள்ளே இருந்தபோது சாம்ப்ளரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பட்டனை அழுத்தினேன். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். கக்கூஸுக்குள்ளிருந்து 'தொம்' என்று ஒரு பேஸ் சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது. உலகம்மாள் பதறி ஓடிவந்து கதவை இடித்தாள்.

"ஏங்க, என்ன சத்தம் அது? வயித்துலயா?"

கதவைத் திறந்தேன். கையில் கருவி. அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"அப்ப இம்புட்டு நாளும் ஓமத்தண்ணி குடிச்சிய?"

"குடிச்சேன்."

"ஒண்ணுமே இல்லாத வயித்துக்கு?"

"நீ ஆசையா போட்டுக் குடுத்த."

அதற்குமேல் நடந்ததை எழுதுவதாக இல்லை. ஜெபமணி விஷயத்தைச் சொன்னதும்தான் கொஞ்சம் அடங்கினாள். "அந்த அண்ணனுக்காகச் செய்றிய, செய்ங்க. ஆனா அந்த மனுசனுக்கு உங்களை நம்புறதைத் தவிர வேற வழியில்லையாமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அது கேள்வியா ஏச்சா என்று இன்னும் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 20

ஒத்திகை, ஜெபமணி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. பிரமாதம். அவர் வலக்கை போகிற இடத்துக்கெல்லாம் என் கட்டைவிரல் நிழல் மாதிரி போகிறது. இரட்டை அர்த்தப் பேச்சும் கழுதைக் குரலுமே எனக்குத் தெரிந்த சங்கீதம் என்று நினைத்திருந்தேன். நான் ஒரு வாத்தியக்காரன்!

ஒரே குறை, ஜெபமணியின் நடிப்பு. கீபோர்டின் இடது பாதியைச் சத்தம் வராமல் அணைத்துவிட்டு அதன்மேல் கையை ஆட்டச் சொன்னால், மேஜை துடைக்கிற மாதிரி ஆட்டுகிறார்.

"நடிக்கக்கூடத் தெரியலையேவே உமக்கு."

"நடிக்கிறதுதான்வே கஷ்டமா இருக்கு."

ஆகஸ்ட் 22

இசக்கியிடம் பேசியாயிற்று. எங்கள் சவுண்டு மிக்ஸர் அவன் கையில். கருவியிலிருந்து ஒரு வயர் இரண்டாகப் பிரியும். ஒன்று என் காதுக்கு, ஒன்று இசக்கியின் மிக்ஸருக்கு. என்ன வயர் என்று கேட்டான். உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் தென்காசி வரை தெரிந்துவிடும். அவன் வாய் என் வாயைவிட மோசம். "சுருதிப் பெட்டிடே, சும்மா ஓரமா ஓடட்டும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27

நாசமாய்ப் போயிற்று.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கருவி நலமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன். புது அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் ஒரு அறிவிப்பு. அதுவாகவே அப்டேட் ஆகிவிட்டது. நான் எதையும் அழுத்தவில்லை. விரல் பட்டிருக்கலாம். புதுசாக இறக்கிய ஒரு கார் பந்தயம், அப்டேட் போட்டால்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது உண்மைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அணைந்து, எரிந்து, புதுப் பெண் மாதிரி பளபளவென்று வந்து நின்றது. சாம்ப்ளர் இல்லை. தேடுகிறேன், அப்படி ஒன்று இருந்த தடமே இல்லை.

அந்தத் தளத்துக்கு ஓடிப்போய், அன்றைக்குப் படிக்காமல் விட்ட நாலு பத்தியைப் படித்தேன். முதல் வரியிலேயே எழுதியிருக்கிறான் பாவி, இப்படிப் பூட்டைத் திறந்து போட்டால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் துடைத்தெறியப்படும் என்று. இந்தக் கருவி வாடகை வீடு மாதிரியாம். சுவரில் ஆணி அடித்தால், வீட்டுக்காரன் வந்து வெள்ளையடிக்கும்போது ஆணியைப் பிடுங்கிவிடுவான். நம் டிரங்குப் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் தொடமாட்டான். ஆகையால் மென்பொருளைப் பெட்டிக்குள் போடுகிற விதத்தில்தான் போடவேண்டும். அப்படிக் கட்டி வருகிற சாம்ப்ளர் தனியே இருக்கிறதாம். நான் போட்டது ஆணி.

ஜெபமணி பதிந்து கொடுத்த சத்தங்கள் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்தன. அந்த மட்டுக்கும் தெய்வம் இருக்கிறது. பெட்டி முறையில் சாம்ப்ளரை இறக்கப் போனால், இன்டர்நெட் இல்லை. தெருமுனையில் யாரோ கேபிளை வெட்டிவிட்டார்களாம். போன் டேட்டாவும் காலி, கார் பந்தயம் குடித்துவிட்டது.

ஜெபமணி போன் செய்தார். எல்லாம் தயாரா என்று கேட்டார். தயார் என்றேன்.

ஆகஸ்ட் 28, வேனில்

குலுக்கலில் எழுத்து ஆடுகிறது. உலகம்மாளின் போனைக் கடன் வாங்கி வந்திருக்கிறேன். அதன் டேட்டாவில் பதிவிறக்கம் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. ஊர் வந்தால் ஓடும், வயக்காடு வந்தால் நிற்கும். முன் சீட்டில் கோமதிநாயகம் அண்ணாச்சி யாரிடமோ போனில், "ராத்திரி பாத்துட்டுச் சொல்லுதேன் தம்பி, நீ அடுத்த கச்சேரித் தேதிய சும்மா வச்சுக்க" என்கிறார். மதுரைத் தம்பி.

ஜெபமணி பக்கத்தில். வெள்ளைச் சட்டை, மல்லிகைப்பூ பவுடர் வாசம்.

"ஏன்வே இப்படி வேர்க்குது?"

"வயிறு."

"உம்ம வயித்து வியாதி எனக்குத் தெரியும்வே. சொல்லும்."

சொன்னேன். அப்டேட் தானாக ஆனது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். பனவடலிசத்திரம் தாண்டியபிறகு திரும்பினார்.

"வந்தா வருது, வரலேன்னா போவுது. நீரு பதறாதேயும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய பிழைப்பு ஒரு கம்பிவட்டமாகத் திரையில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவரானால் எனக்கு ஆறுதல் சொல்கிறார். "உமக்கு பயமே இல்லையாவே?" என்றேன்.

"இருக்கு. இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தானே?"

ஆகஸ்ட் 28, மண்டபத்தில்

இறங்கிவிட்டது! சாம்ப்ளர் உள்ளே உட்கார்ந்துவிட்டது. சத்தங்களும் இருக்கின்றன. ஆனால் எந்தப் பட்டனுக்கு எந்தச் சத்தம் என்று நான் கட்டி வைத்தது ஒன்றுகூட இல்லை. பழைய சாம்ப்ளரோடு அதுவும் போயிற்று. எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டும். மணமக்களின் மேக்கப் அறைக்குப் பக்கத்தில், வாழையிலைக் கட்டின்மேல் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறேன்.  வெளியே அண்ணாச்சி, "எங்கடே பேச்சிமுத்து? மைக்க யாரு பிடிக்க? எப்பவும் இவனுக்கு இந்த நேரம்தான் வயித்தால போகும்" என்று சத்தம் போடுகிறார். என் வயிற்றுக் கோளாறு ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இன்னும் மூன்று பட்டன் பாக்கி. கூப்பிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 29

விடிந்துதான் வீட்டுக்கு வந்தோம். தூக்கமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று பட்டன் கட்டாமலே மேடையேறினேன். வணக்கம் சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரை ஒரு கடி, பெண் வீட்டாரை ஒரு கடி கடித்துவிட்டு, ஜெபமணிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மடியில் கருவி, அதன்மேல் துண்டு, துண்டுக்குள் கை, காதில் வயர். பார்க்கிறவர்களுக்கு நான் ஜபம் செய்கிற மாதிரி இருந்திருக்கும்.

பழைய மெலடி ஒன்றில் ஆரம்பம். அவர் வலக்கை இறங்கியது, நான் அழுத்தினேன். காதில் 'தும்' என்று வந்து விழுந்தது பாருங்கள், கண்ணில் நீர் வந்துவிட்டது. சரணம் வரும்போது ஜெபமணி ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து கீபோர்டின் இடது பாதியில் எதையோ திருகினார். பயத்தில் கை சும்மா இருக்காமல் திருகுகிறது என்று நினைத்து, தைரியமாக இரும் என்று தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு மனுஷன் நடித்தார் பாருங்கள், வீட்டில் மேஜை துடைத்தவரா இவர் என்றிருந்தது! உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு விரலையும் பிடித்துப் பிடித்து வைக்கிறார். சுண்டு விரல் ஒரு இடத்தில் சறுக்குகிறது, உடனே அதட்டித் திருப்பி வைக்கிறார். சட்டை முதுகு முழுக்க நனைந்து ஒட்டிவிட்டது. சத்தம் வராத கட்டைக்கு இவ்வளவு பாடா? நாலாவது பாட்டுக்கு அப்புறம் அவர் காதில், "வே, ரொம்ப நடிக்காதேயும், சந்தேகம் வந்துரும்" என்று சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "சரிவே" என்றார்.

குத்துப்பாட்டில் ஒரு விபத்து. கட்டாமல் விட்ட மூன்றில் ஒரு பட்டன் தேவைப்பட்டது. அதை விட்டுப் பக்கத்துப் பட்டனை அழுத்த, என் காதில் லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் கூட்டம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறார். ஒரு ஜீவன் கவனிக்கவில்லை. நம் ஜனங்களுக்குச் சங்கீத ஞானம் அவ்வளவுதான், அதற்கும் கடவுளுக்கு நன்றி.

முடிந்ததும் அண்ணாச்சி மாலையைக் கழற்றி ஜெபமணி கழுத்தில் போட்டார். "இடக்கை பேசுதுவே! முன்னைக்கு இப்ப கொஞ்சம் நிதானம், அதுவும் நல்லாத்தான் இருக்கு. மதுரைக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்." எனக்கு எதுவும் போடவில்லை. பரவாயில்லை. திருட்டு வேலைக்கு யார் மாலை போடுவார்கள்?

வேனில் ஜெபமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார், இடது கைக்குள். ஊர் வந்து சேரும் வரை விடவில்லை. அழுத்திப் பிடித்ததில் வலித்தது. நன்றிக் கடன் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31

உலகம்மாளிடம் முழுக் கதையையும் நடித்துக் காட்டினேன், லாரி கவிழ்ந்த சத்தம் உட்பட. "அப்ப இனிமே ஒவ்வொரு கச்சேரிக்கும் நீங்கதான் அந்த அண்ணன் கையா?" என்றாள். ஆமாம் என்றேன். நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துத்தான் போயிற்று. பல்குரலுக்கு நேரம் குறைந்தால் குறையட்டும். குழுவின் அஸ்திவாரமே இனி என் மடியில் அல்லவா இருக்கிறது? பாலமுருகனுக்குப் போன் செய்து, அந்தக் கருவி அவ்வளவு மோசமான சாமான் இல்லை என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

மூன்று பட்டனையும் கட்டிவிட்டேன். அடுத்த கச்சேரி செப்டம்பர் எட்டு.

செப்டம்பர் 2

வயரை வாங்கப் பாளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இசக்கியின் கடைக்குப் போனேன். ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்துப் போட்டு, வாயில் ஸ்குரு வைத்திருந்தான். வயரைச் சுருட்டிக் கையில் கொடுத்தான்.

"கோச்சுக்கிடாதிய அண்ணாச்சி, உங்க சுருதிப் பெட்டி லைன்ல ஒரே உறுமல். மொதப் பாட்டுப் பாதியிலேயே மூடிட்டேன். கச்சேரி முடியுத வரைக்கும் தொறக்கவே இல்ல. அப்புறம் வந்த பேஸெல்லாம் கீபோர்டு லைன்லதான்."